செம்பருத்தி முழுக்க மாவுப்பூச்சி அப்பிடுச்சா? முதல் நாள்ல இருந்து ஒரு மாசம் வரைக்கும் என்ன பண்ணணும்

துளிரெல்லாம் சுருண்டு போயிருக்கு, கணுவுக்கு கணு வெள்ளையா பஞ்சு உருட்டி வெச்ச மாதிரி ஒட்டியிருக்கு, மொட்டு விரியாமலே மஞ்சளாகி உதிருது, கீழ் இலைய தொட்டா கை பிசுபிசுங்குது, அதுக்கு மேல கரி தடவுன மாதிரி கருப்பா ஒரு படலம். உங்க செடி இப்படி இருந்தா அது மாவுப்பூச்சி, சில பேர் கள்ளிப்பூச்சின்னும் சொல்லுவாங்க. நிலைமை மோசம்தான், ஆனா தண்டு பச்சையா இருக்கற வரைக்கும் காப்பாத்தலாம். சந்தேகமா இருந்தா தண்டுல நகத்தால லேசா கீறி பாருங்க, தோலுக்கு அடியில பச்சை தெரிஞ்சா உயிர் இருக்கு, பழுப்பா காஞ்சு இருந்தா இன்னும் கொஞ்சம் கீழ இறங்கி கீறுங்க. அடித்தண்டு வரைக்கும் எங்கயுமே பச்சை இல்லைன்னா மட்டும்தான் செடி போச்சுன்னு அர்த்தம்.

மூணு வருஷம் வளத்த ஒரு அடுக்கு செம்பருத்திய இந்த பூச்சிக்கு நான் குடுத்திருக்கேன். மருந்தே அடிக்காம விட்டதால போகல, அதுதான் மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து நல்லா அடிச்சேன், மறுநாள் செடி பளிச்சுன்னு இருந்துச்சு, சரியாயிடுச்சுன்னு விட்டுட்டேன், ரெண்டே வாரத்துல முன்ன இருந்தத விட அதிகமா வந்துச்சு, திரும்ப அடிச்சேன், திரும்ப வந்துச்சு, இப்படியே செடி இளைச்சு இளைச்சு போயிடுச்சு. அதனாலதான் இத எழுதறேன். எந்த மருந்து பெஸ்ட்னுதான் எல்லாரும் கேக்கறாங்க, ஆனா எத்தனை நாளைக்கு ஒருக்கா, எத்தனை தடவை, எப்ப நிறுத்தறதுங்கறதுலதான் செடி பொழைக்கறதும் போறதும் இருக்கு.

ஏன் திரும்பத் திரும்ப வருதுன்னு முதல்ல புரிஞ்சுக்கங்க

நீங்க பாக்கற அந்த வெள்ளை பஞ்சு ரெண்டு விதம். ஒண்ணு பூச்சி மேலயே இருக்கற மெழுகு, தண்ணி பட்டா முத்து முத்தா உருண்டு ஓடிடும், தண்ணில கலந்து அடிக்கற மருந்தும் அதே மாதிரி ஓடிடும். இன்னொண்ணு முட்டைப்பை. பெண் பூச்சி பஞ்சு மாதிரி ஒரு பை பின்னி அதுக்குள்ள நூத்துக்கணக்குல முட்டை போடும், அந்த பைக்குள்ள சோப்பும் போகாது எண்ணெயும் சரியா போகாது. நீங்க இன்னிக்கு அடிச்சு வெளிய இருக்கறது மொத்தமும் செத்தாலும், உள்ள இருக்கற முட்டை வெயில் குளிர பொறுத்து 3 நாள்ல இருந்து 10 நாளைக்குள்ள பொரியும். பொரிஞ்சு வர்ற குஞ்சு மஞ்சளா இல்லன்னா லேசா ரோஸ் கலர்ல, தூசி மாதிரி அவ்வளவு சின்னதா இருக்கும், உத்து பாத்தாதான் நகர்றது தெரியும். காத்துல போகும், எறும்பு தூக்கிட்டு போகும், உங்க சட்டையில கத்திரிக்கோல்ல ஒட்டிக்கிட்டும் போகும்.

இந்த குஞ்சு பருவத்துல அதுக்கு மெழுகு இல்ல. லேசான சோப்பு தண்ணிக்கே செத்துடும். நம்ம மொத்த திட்டமும் இத வெச்சுதான், முட்டை பொரிஞ்சு வெளிய வர்ற குஞ்சுக்கு மெழுகு வளர்றதுக்குள்ள அடுத்த ரவுண்டு அடிக்கணும். வெயில் காலத்துல ஒரு தலைமுறை வளந்து அடுத்த முட்டை போட ஏறக்குறைய ஒரு மாசம் ஆகும், அதனால அந்த ஒரு மாசமும் நாம நடுவுல விடக்கூடாது.

அதுக்கு முன்னாடி ஒரு தடவை உறுதி பண்ணிக்கங்க

எல்லா வெள்ளையும் மாவுப்பூச்சி இல்ல. செடிய லேசா ஆட்டுனதும் குட்டி குட்டியா வெள்ளையா பறந்துட்டு திரும்ப இலைக்கு அடியில போய் உக்காந்தா அது வெள்ளை ஈ, அதுக்கு மஞ்சள் ஒட்டும் அட்டையும் சேத்து கட்டணும். பச்சையாவோ கருப்பாவோ துளிர்ல கூட்டமா மெதுமெதுன்னு உக்காந்திருந்தா அசுவினி, அது தண்ணி பீச்சினாலே முக்கால்வாசி போயிடும். தண்டுல சின்ன சின்ன செதில் மாதிரி ஒட்டிக்கிட்டு நகத்தால நெம்புனா மட்டும் வந்தா செதில் பூச்சி. இலைல ஊசி குத்துன மாதிரி புள்ளி புள்ளியா வெளுத்து அடியில மெல்லிசா வலை இருந்தா செம்பேன், அது பூச்சியே இல்ல, சிலந்தி வகை. ஒரு வெள்ளை பேப்பர இலைக்கு கீழ புடிச்சு தட்டுங்க, விழுந்த புள்ளிங்க நடக்க ஆரம்பிச்சா பேன்தான். மாவுப்பூச்சிய ஒரு குச்சியால நசுக்குனா உள்ள இருந்து ஈரமா சாறு வரும், வெறும் பூசணமா இருந்தா அப்படி வராது. சோப்பு வேலை இது எல்லாத்துக்குமே ஒத்து வரும்ங்கறதால கண்டுபுடிக்க முடியலைன்னாலும் பயப்படாம ஆரம்பிக்கலாம்.

முதல் நாள் காலைல

மருந்து பாட்டில தொடாதீங்க. முதல் நாள் வேலை கைவேலை.

தொட்டியா இருந்தா மத்த செடிகள்ட்ட இருந்து தள்ளி வைங்க, இலை இன்னொரு செடிய தொடக்கூடாது, சுவரையும் தொடக்கூடாது. தரைல நட்டதா இருந்தா பக்கத்து செடி மேல சாயற கிளைய வெட்டி இடைவெளி விடுங்க. அப்புறம் வேருக்கு நல்லா தண்ணி ஊத்துங்க, ஏன்னா வாடிப்போன செடி மேல சோப்போ எண்ணெயோ பட்டா இலை கருகும், இத நிறைய பேர் மறந்துடறாங்க.

அடுத்து கவாத்து. இங்கதான் எல்லாருக்கும் மனசு வராது. நுனி சுருண்டு கொத்தா குறுகி போயிருக்கற துளிர் திரும்ப நல்லா விரியாது, பூச்சி சாறு உறிஞ்சும்போது அது எச்சில்ல இருக்கற பொருள் துளிரோட வளர்ச்சியவே கெடுத்துடுது, அந்த மடிப்புக்குள்ள எந்த ஸ்ப்ரேயும் போகவும் போகாது, அதுதான் அதுங்களுக்கு பாதுகாப்பான வீடே. அதனால சுருண்ட நுனிய நல்ல கணு வரைக்கும் இறங்கி வெட்டிடுங்க. மொட்டு இருந்தாலும் வெட்டுங்க, அந்த மொட்டு எப்படியும் விரியப்போறதில்ல. செம்பருத்தி வெட்ட வெட்ட தழைக்கற செடி, மூணுல ஒரு பங்கு போனாலும் தாங்கும், ரொம்ப மோசமா இருந்தா பாதி வரைக்கும் வெட்டியும் வந்திருக்கு. வெட்டுறதுக்கு முன்னாடி கவர செடிக்கு கீழயே விரிச்சு வெச்சுக்கங்க, வெட்டுன துண்ட ஆட்டாம நேரா கவருக்குள்ள போடுங்க, இல்லன்னா குஞ்செல்லாம் மண்ணுல கொட்டும். கவர இறுக்கி கட்டி வெயில்ல ரெண்டு மூணு நாள் வெச்சுட்டு குப்பைல போடுங்க. கம்போஸ்ட்ல போடாதீங்க, அங்க இருந்து நடந்தே திரும்பி வரும். கீழ உதிர்ந்து கெடக்கற இலை மொட்டையும் பொறுக்கி அதே கவர்ல போட்டுடுங்க.

வெட்டி முடிச்சதும் தண்ணி. ஹோஸ் இருந்தா வாய விரலால அமுக்கி பீச்சுங்க, இல்லன்னா கை ஸ்ப்ரேயர்ல முனைய திருகி நேர் கோடா வர்ற மாதிரி வெச்சு அடிங்க. இலைக்கு மேல அடிச்சு பிரயோஜனம் கம்மி, அடிப்பக்கம், கணு, கிளை பிரியற சந்து, தண்டு மண்ணுல சேர்ற இடம், தொட்டி விளிம்போட உள்பக்கம், இதெல்லாம்தான் அதுங்க ஒளியற இடம். ஒரு கையால கிளைய தாங்கி புடிச்சுக்கிட்டு அடிங்க, இளந்தண்டு ஒடிஞ்சுடும். தண்ணிக்கும் போகாத கொத்த பழைய பல் தேய்க்கற பிரஷ்ல தேய்ச்சு எடுங்க, இந்த பிரஷ் வேலைய தயவு செஞ்சு சலிச்சுக்காம பண்ணுங்க, முட்டைப்பைய உடைக்கறதுக்கு இத விட நல்ல வழி இல்ல, மருந்து பண்ண முடியாதத பிரஷ் பண்ணும்.

அன்னிக்கு சாயங்காலம் சோப்பு

வெயில் இறங்குனதுக்கு அப்புறம்தான் அடிக்கணும். வெயில்ல அடிச்சா கரைசல் சீக்கிரம் காஞ்சுடும், சோப்பு ஈரமா இருக்கற வரைக்கும்தான் பூச்சிய கொல்லும், காஞ்சதுக்கு அப்புறம் அதுக்கு ஒரு பவரும் இல்ல. 32 டிகிரிக்கு மேல இருக்கற நேரத்துல அடிச்சா இலையும் கருகும். சாயங்காலம்னா தேனீயும் வீட்டுக்கு போயிருக்கும்.

செடிக்குன்னே விக்கற பொட்டாசியம் சோப்பு கிடைச்சா அதான் சரி, லேபிள்ல போட்ட அளவுல கலந்துக்கங்க. இல்லன்னா வாசனை, கலர், பிளீச், எண்ணெய் பிசுக்கு எடுக்கற கெமிக்கல் எதுவும் சேராத சாதா திரவ சோப்பு, 1 லிட்டர் தண்ணிக்கு 5 மி.லி. துணி துவைக்கற பவுடர் வேணாம், பாத்திரம் தேய்க்கற ஜெல்லும் பெரும்பாலும் சோப்பு இல்ல டிடர்ஜென்ட்தான், இலையோட மேல்பூச்சையே அரிச்சுடும். உங்க தண்ணி உப்பு தண்ணியா கடினமா இருந்தா சோப்பு அதுல இருக்கற கால்சியத்தோட சேந்து வெள்ளையா திரிஞ்சு போயிடும், பூச்சிக்கு வேலை செய்ய சோப்பு மிச்சமே இருக்காது. ஒரு பாட்டில்ல கொஞ்சம் கலந்து குலுக்கி அஞ்சு நிமிஷம் வைங்க, மேல ஆடை மாதிரி திரிஞ்சா மழைத்தண்ணியோ ஃபில்டர் தண்ணியோ எடுத்துக்கங்க. மருந்து வேலை செய்யலன்னு புலம்பறவங்கள்ல நிறைய பேருக்கு பிரச்சனை இந்த தண்ணியாதான் இருக்கும்.

முதல்ல நாலஞ்சு இலைல மட்டும் அடிச்சு ஒண்ணு ரெண்டு நாள் பாக்கறதுதான் முறை, ஓரம் கருகாம இருந்தா முழுசா அடிங்க. செடி மொத்தமா நனைஞ்சு சொட்டற வரைக்கும் அடிக்கணும், பூச்சி மேல நேரா பட்டாதான் சாகும், பக்கத்துல பட்டா ஒண்ணும் ஆகாது. மறுநாள் காலைல நல்ல தண்ணியால கழுவி விட்டுடுங்க, காஞ்ச சோப்பு இலைல இருந்து ஒரு லாபமும் இல்ல, கருகறதுக்குதான் வாய்ப்பு.

எறும்ப விட்டா எல்லாம் வீண்

பிசுபிசுப்புன்னு சொன்னேனே, அது மாவுப்பூச்சி கழிக்கற சர்க்கரை தண்ணி. எறும்பு அதுக்காகத்தான் வருது. வந்து சும்மா குடிச்சுட்டு போறதில்ல, மாவுப்பூச்சிய திங்க வர்ற நல்ல பூச்சிகள துரத்தும், குஞ்ச தூக்கிட்டு போய் புது துளிர்ல விடும். எறும்பு சாரை சாரையா ஏறிட்டு இருக்கற செடில நீங்க எவ்வளவு அடிச்சாலும் அது திரும்ப வரத்தான் செய்யும்.

அடித்தண்டுல நாலு விரல் அகலத்துக்கு பேப்பர் டேப் சுத்தி அது மேல ஒட்டும் பசையோ வாசலினோ தடவுங்க. நேரா பட்டை மேல கிரீஸ் தடவாதீங்க, பட்டை கெட்டுடும். தூசி படிஞ்சா ஒட்டாது, அதனால வாரத்துக்கு ஒருக்கா புதுசா தடவணும். தொட்டியா இருந்தா ஒரு தட்டுல தண்ணி ஊத்தி நடுவுல செங்கல் வெச்சு அது மேல தொட்டிய வைங்க, தண்ணில ரெண்டு சொட்டு சோப்பு விட்டா எறும்பு நீந்தி வராது, கொசுவும் முட்டை வெக்காது. இதெல்லாம் பண்ணிட்டு ஒரு இலை மட்டும் சுவர தொட்டுக்கிட்டு இருந்தா போதும், எறும்பு அந்த ஒரு பாலத்துலயே வரும், அதையும் பாத்துக்கங்க.

இனிமே காலண்டர்தான்

முதல் தடவை முழு செடிக்கும் சோப்பு அடிச்சீங்கல்ல, அந்த நாள்ல இருந்து 5 நாளைக்கு ஒருக்கா அடுத்த ரவுண்டு. குளிர் காலமா இருந்தா 7 நாள். மொத்தம் குறைஞ்சது 5 ரவுண்டு, செடி சுத்தமா தெரிஞ்சாலும் தெரியலைன்னாலும். மூணாவது ரவுண்டு வரும்போது ஒண்ணையுமே காணோமேன்னு விடத்தோணும், சுத்தமாயிடுச்சுன்னு நம்பி விட்டதுதான் நான் பண்ண தப்பும். ஃபோன்ல ரிமைண்டர் போட்டு வைங்க. மழை பேஞ்சு கழுவிட்டா அந்த ரவுண்ட கணக்குல சேக்காம மறுநாள் திரும்ப அடிங்க.

நாலஞ்சு கிளைல கலர் நூல் கட்டி, ரவுண்டு அடிக்கறதுக்கு முன்னாடி அந்த கிளைல மட்டும் எத்தனை கொத்து இருக்குன்னு எண்ணி எழுதி வைங்க. மொத்த செடியையும் பாத்தா நமக்கு மனசுப்படிதான் தெரியும், ஒரு நாள் நிறைய இருக்கற மாதிரி, ஒரு நாள் இல்லாத மாதிரி. நம்பர் இருந்தா குறையுதா இல்லையான்னு தெளிவா தெரியும். ரெண்டு ரவுண்டு ஆகியும் குறையலைன்னா தண்ணி, எறும்பு, அடிப்பக்கம் சரியா நனையாதது, இந்த மூணுல ஒண்ணுதான் காரணமா இருக்கும், மருந்த மாத்தறதுக்கு முன்னாடி இத பாருங்க.

ரெண்டாவது ரவுண்டுல இருந்து வேப்பெண்ணெய் சேக்கலாம். 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணில முதல்ல சோப்பு கலந்துட்டு, அப்புறம் 5 மி.லி. வேப்பெண்ணெய கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி பால் மாதிரி ஆகற வரைக்கும் குலுக்கணும், எண்ணெய் மேல மிதந்தா சோப்பு பத்தலைன்னு அர்த்தம், அப்படியே அடிச்சா எண்ணெய் பட்ட எடமெல்லாம் கருகும். அடிக்கும்போதும் நடுநடுவுல குலுக்கிக்கிட்டே இருங்க. கலந்தத அன்னிக்கே தீத்துடணும். வேப்பெண்ணெய்ல இருக்கற அசாடிராக்டின் பூச்சி தோல் உரிச்சு வளர்றத தடுக்கற பொருள், அதனால அடிச்ச உடனே பொத்து பொத்துன்னு விழும்னு எதிர்பாக்காதீங்க, அது மெதுவாத்தான் வேலை செய்யும், வெயில் பட்டா சிதைஞ்சும் போயிடும். சாயங்காலம் அடிக்க சொல்றதுக்கு அதுவும் ஒரு காரணம்.

ரவுண்டுக்கு நடுவுல அங்கங்க ஒண்ணு ரெண்டு கண்ணுல பட்டா முழு செடிக்கும் அடிக்க வேணாம். மெடிக்கல் ஷாப்ல கிடைக்கற 70 சதவீதம் ஐசோபுரொபைல் ஆல்கஹால்ல காது குடையற பட்ஸ நனைச்சு பூச்சி மேல தொட்டு எடுங்க, மெழுகு கரைஞ்சு பழுப்பா மாறி அங்கயே செத்துடும். பூச்சி மேல மட்டும் வைங்க, இளந்துளிர் முழுக்க தேய்க்காதீங்க. பக்கத்துல நெருப்பு இருக்கக்கூடாது.

இன்னொரு வெள்ளை பூச்சிய கொன்னுடாதீங்க

இத படிக்காம நிறைய பேர் தப்பு பண்றாங்க. மாவுப்பூச்சி கூட்டத்துக்கு நடுவுல அதே மாதிரி வெள்ளையா, ஆனா ரொம்ப பெருசா, முதுகு பூரா நீள நீளமா மெழுகு தொங்கறதோட ஒண்ணு வேகமா நடந்துட்டு இருந்தா அது கிரிப்டோலேமஸ்ங்கற பொறிவண்டோட புழு. மாவுப்பூச்சிய திங்கறதே அதோட பொழப்பு. மாவுப்பூச்சி 3, 4 மில்லிமீட்டர் இருக்கும், நகர்றதே தெரியாது, இது ஒரு சென்டிமீட்டருக்கு மேல வளரும், சுறுசுறுப்பா போகும். ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த வண்டு இது, உலகம் பூரா தோட்டக்காரங்க காசு குடுத்து வாங்கி விடறாங்க. அது வந்திருந்தா சோப்பு அடிக்கறத நிறுத்திட்டு எறும்ப மட்டும் தடுத்து வெச்சுட்டு வேடிக்கை பாருங்க, அது முடிச்சு குடுக்கும். நூல் மாதிரி காம்பு நுனில ஒத்தை ஒத்தையா நிக்கற முட்டைய பாத்தாலும் தொடாதீங்க, அது கண்ணாடி இறக்கைப் பூச்சியோடது, அதோட புழுவும் நம்ம பக்கம்தான்.

இது சின்ன விஷயம் இல்ல. 1994ல கரீபியன்ல கிரெனடா தீவுக்கு செம்பருத்தியோட இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி வந்து தீவு பூரா செடி மரமெல்லாம் நாசமாச்சு, மருந்தால அத அடக்க முடியல. கடைசில இந்த பொறிவண்டையும், மாவுப்பூச்சிக்குள்ளயே முட்டை போடற ஒரு குட்டி குளவியையும் கொண்டு வந்து விட்டுதான் கட்டுக்குள்ள கொண்டு வந்தாங்க.

ஸ்ட்ராங்கான மருந்து வாங்கி ஒரே அடியா முடிச்சுடலாமான்னு கேப்பீங்க. இமிடாகுளோப்ரிட் மாதிரி சாறுல ஏறி வேலை செய்யற மருந்து செடியோட உடம்பு பூரா போகும், பூவோட தேனுக்கும் மகரந்தத்துக்கும் போகும், செம்பருத்திக்கு தேனீயும் தேன்சிட்டும் வர்ற வீட்டுல அத ஊத்தறதுக்கு எனக்கு மனசு வராது. தேனீக்கு ஆபத்துன்னு ஐரோப்பிய யூனியன் 2018லயே வெளித்தோட்டத்துல, வயல்ல அத பயன்படுத்தறத தடை பண்ணிடுச்சு. அது அடிச்ச செடில செம்பேன் அதிகமாகறதும் நடக்கும், ஒண்ண ஒழிச்சு இன்னொண்ண வாங்கின கதையாயிடும். பூவையோ இலையையோ சாப்பிடறவங்க, தலைக்கு தேய்க்கறவங்க அந்த பக்கமே போகாதீங்க.

எல்லாம் சரியா பண்ணியும் செடி வாடுதா?

அப்ப மண்ணுக்குள்ள பாக்கணும். வேர்ல வர்ற மாவுப்பூச்சி தனியா இருக்கு, மேல எவ்வளவு அடிச்சாலும் அதுக்கு தெரியக்கூட தெரியாது. தொட்டிய சாய்ச்சு தட்டி மண்ணோட மெதுவா எடுத்து பாருங்க, வேர் மேலயும் தொட்டி உள்சுவர்லயும் வெள்ளையா மாவு தூவுன மாதிரி இருந்தா அதேதான். பழைய மண்ண முழுசா உதறி கவர்ல கட்டி குப்பைல போட்டுட்டு, வேர ஓடற தண்ணில கழுவி, அழுகுன வேர வெட்டி, தொட்டிய சுடுதண்ணி சோப்பு போட்டு தேய்ச்சு காய வெச்சு, புது மண்ணுல நடுங்க. நட்டு ஒரு வாரம் நிழல்ல வைங்க. ஏற்கனவே இளைச்ச செடி இத தாங்காம போகவும் வாய்ப்பு இருக்கு, அதனால நல்லா இருக்கற ஒரு கிளைய சோப்பு தண்ணில கழுவி பதியம் போட்டு தனியா வெச்சுட்டு அப்புறம் இதுல கைய வைங்க.

உரம் எப்ப?

பூச்சி இருக்கற வரைக்கும் உரம் வேணாம். பாவம் செடி சோர்ந்து போச்சேன்னு யூரியாவோ கடலைப்புண்ணாக்கு கரைசலோ ஊத்துவோம், நைட்ரஜன் ஏறி துளிர் மெதுமெதுன்னு கொழகொழன்னு வரும், சாறு உறிஞ்சற பூச்சிக்கு அத விட விருந்து கிடையாது. தண்ணி மட்டும் மண் காய காய ஊத்துங்க. அஞ்சு ரவுண்டும் முடிஞ்சு, நூல் கட்டுன கிளைல தொடர்ந்து ரெண்டு வாரம் பூஜ்யம் வந்தா அப்ப ஒரு கைப்பிடி மண்புழு உரமோ நல்லா மக்குன தொழுவுரமோ போதும். இலைல இருக்கற கரும்படலம் தானா போகாது, ஈரத்துணியால துடைச்சு விடுங்க, அது செடிய நேரா திங்கறதில்ல, ஆனா வெளிச்சத்த மறைக்குது.

மத்த செடி பக்கத்துல கொண்டு போய் வெக்க அவசரப்படாதீங்க, இன்னும் ரெண்டு மூணு வாரம் தனியாவே இருக்கட்டும். புதுசா வாங்கிட்டு வர்ற செடிக்கும் அதே ரெண்டு மூணு வாரம்தான், வாங்கும்போது கணு சந்தையும் தொட்டிக்கு அடியில இருக்கற ஓட்டையையும் பாத்து வாங்குங்க. கத்திரிக்கோல ஒவ்வொரு செடிக்கும் நடுவுல ஆல்கஹால்ல துடைங்க. தண்ணி ஊத்தும்போது நோய் இருந்த செடிக்கு கடைசியா ஊத்துங்க, அத தொட்டுட்டு மத்த செடிகிட்ட போகாத மாதிரி.

வெட்டுன கணுவுக்கு கீழ பச்சையா அரிசி முனை மாதிரி துளிர் எட்டிப் பாக்கும், பெரும்பாலும் ரெண்டாவது மூணாவது வாரத்துல. அந்த இலை விரியும்போது ஓரம் சுருளாம தட்டையா விரியுதான்னு பாருங்க. சுருண்டா அந்த துளிருக்குள்ளயே ஒண்ணு ஒளிஞ்சிருக்கு, அந்த நுனிய மட்டும் கிள்ளி எறிஞ்சுட்டு அடுத்த ரவுண்ட ஒரு நாள் முன்னாடியே அடிச்சுடுங்க.